தொங்கட்டான், கொக்கி, விறகுக்கட்டு

போன வருடம் நான் செய்து கொடுத்த ஒரு வரைபடத்தில் தப்பு இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் 78 வயதான என் பாட்டி. அவருக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது, புழுவைப் பார்க்கத் தெரியும்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் நில அளவைப் பொறியியல் படித்துவிட்டு, ட்ரோன் பறக்கவிட்டுத் தோட்டங்களைப் படமெடுத்துத் தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். பேராக்கின் தென்கோடியில், தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். மட்டையெல்லாம் நெருப்பில் வாட்டியதுபோலப் பழுப்பேறிக் கிடந்தது. மலாயில் உலாட் புங்குஸ் என்பார்கள், தமிழில் பைப்புழு. மேலேயிருந்து படமெடுத்து, அதிகம் காய்ந்த மரங்களுக்குச் சிவப்பு, பாதி காய்ந்தவற்றுக்கு ஆரஞ்சு என்று நிறம் போட்டு, ‘பைப்புழுத் தாக்குதல்’ என்ற ஒரே தலைப்பில் ஒப்படைத்தோம். பார்க்க அழகான படம். அதை வைத்துக்கொண்டு தோட்டத்தில் பி.டி. எனப்படும் பாக்டீரியா மருந்தை அடித்தார்கள். ஆற்றோரப் பகுதியில் புழு செத்தது. ரோட்டோரப் பகுதியில் ஒன்றும் ஆகவில்லை. மருந்து, ஆள்கூலி, எரிபொருள் எல்லாம் வீண்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது கைப்பேசியில் இருந்த படங்களைப் பாட்டி வாங்கிப் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கத் தெரியாமல் என்னைப் பெரிதாக்கச் சொன்னார்.

“இது ரெண்டு ரகம்டா. இந்தா, இது தொங்கட்டான். அது கொக்கி. ரெண்டையும் ஒண்ணாவா எண்ணுனீங்க?”

நாங்கள் எண்ணவே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

*

பைப்புழு என்பது ஒரே பூச்சியின் பெயரல்ல. சைக்கிடே என்ற அந்துப்பூச்சிக் குடும்பத்தில் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. முட்டையிலிருந்து வந்த உடனே புழு செய்யும் முதல் வேலை, தன் பட்டு நூலில் இலைத் துணுக்குகளை ஒட்டி ஒரு பை தைத்துக்கொள்வதுதான். அதற்குப்பின் அந்தப் பைதான் அதன் வீடு, சட்டை, கவசம் எல்லாம். தலையையும் முன்கால்களையும் மட்டும் வெளியே நீட்டித் தின்னும், நகரும். வளர வளரப் பையையும் பெரிதாக்கிக்கொள்ளும்.

ஆண் புழு முதிர்ந்தால் இறக்கை முளைத்துப் பறந்துபோகும், சில நாள் வாழும். செம்பனையைத் தாக்கும் இனங்களில் பெண்ணுக்கு இறக்கை வருவதேயில்லை. பையைவிட்டு வெளியே வராமல் அங்கேயே முட்டையிட்டு அங்கேயே சாகிறது. குஞ்சுப் புழுக்கள்தான் நூலைவிட்டுக் காற்றில் மிதந்து பக்கத்து மரத்துக்குப் போகின்றன. அதனால் ஒரு மரத்தில் தொடங்குவது ஒரு வட்டமாகப் பரவும், வட்டங்கள் சேர்ந்து ஒரு டிவிஷனாகும். வரைபடம் போடுபவனுக்கு இது வசதியான பூச்சி. தாய்ப்பூச்சி பறக்காததால், இன்றைக்குக் குறிக்கும் புள்ளி நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

இலங்கையில் இந்தக் குடும்பத்துப் பூச்சிகளைச் சிங்களத்தில் விறகுக்கட்டை என்று பொருள்படும் பெயரால் அழைத்ததை 1861இல் எமர்சன் டெனண்ட் பதிவு செய்திருக்கிறார். முற்பிறவியில் விறகு திருடிய மனிதர்கள்தான் இப்படிக் கட்டையைச் சுமக்கும் புழுவாகப் பிறக்கிறார்கள் என்பது அங்கிருந்த நம்பிக்கை. இதைப் பாட்டியிடம் சொன்னேன். “விறகு திருடுனதுக்கே இந்தத் தண்டனைன்னா, எஸ்டேட்ல பாதிப் பேரு புழுவாத்தான் பொறந்திருக்கணும்” என்றார்.

மலேசியச் செம்பனையில் முக்கியமானவை மூன்று. மெட்டிசா பிளானா, டெரோமா பெண்டுலா, மஹாசேனா கார்பெட்டி. பூச்சியாக வெளிவந்தபின் ஆண்களைப் பார்த்துப் பிரித்தறிவது கடினம். எல்லாம் மங்கிய, சின்னப் பூச்சிகள். நிபுணர்கள் இறக்கை நரம்புகளையும் இனப்பெருக்க உறுப்புகளையும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஆனால் பையைப் பார்த்தால் தோட்டத்திலேயே சொல்லிவிடலாம். பெண்டுலாவின் பை சிறியது, கூட்டுப்புழு ஆகும்போது நீளமான ஒற்றை நூலில் ஓலையின் அடியில் தொங்கும். பிளானாவின் பை கொஞ்சம் பெரியது, தடித்த பட்டு வளையம் ஒன்றால் கொக்கி மாட்டியதுபோல இலையோடு ஒட்டியிருக்கும். கார்பெட்டி மூன்றிலும் பெரியது, பெரிய இலைத்துண்டுகளைக் கன்னாபின்னாவென்று கட்டிக்கொண்டிருக்கும்.

தொங்கட்டான், கொக்கி, விறகுக்கட்டு. பாட்டியும் அவரோடு வேலை செய்த பெண்களும் வைத்திருந்த பெயர்கள் இவை. பெண்டுலா என்ற லத்தீன் சொல்லுக்குத் ‘தொங்குவது’ என்றுதான் பொருள் என்பதை அகராதி பார்த்துத் தெரிந்துகொண்ட அன்று நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

*

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிக்கொண்டு போனால் முதலில் சரவாக்கில் நிற்போம். ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், ராஜா புரூக்குக்குச் சொந்தமான மலைவீட்டின் தாழ்வாரத்தில் விளக்கு வைத்துக்கொண்டு அந்துப்பூச்சி பிடித்த கதையை எழுதியிருக்கிறார். 26 இரவுகளில் 1,386 பூச்சிகள். அதில் 800க்கு மேல் நான்கே இரவுகளில் கிடைத்தவை, நல்ல மழையும் இருட்டுமான இரவுகள். எந்த இரவில் எத்தனை என்று வரிசையாகக் குறித்து வைத்தார். இந்த மண்ணின் அந்துப்பூச்சிகளை எண்ணி எழுதிய ஆரம்பகாலக் கணக்குகளில் அது ஒன்று.

வாலஸ் சரவாக்கில் பிடித்தவற்றுக்கு லண்டனில் உட்கார்ந்து பெயர் வைத்தவர் பிரான்சிஸ் வாக்கர். பிரிட்டிஷ் மியூசியத்துக்காக ஆயிரக்கணக்கான பூச்சிகளை அவசர அவசரமாகப் பட்டியலிட்டவர். ஒரே இனத்துக்கு இரண்டு மூன்று பெயர் வைத்ததாக அவர்மேல் பெரிய குற்றச்சாட்டு உண்டு. 1874இல் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்பு ஒன்று, இவரால் துறைக்கு நன்மையைவிடக் கேடே அதிகம் என்கிற தொனியில் இருந்தது. பூச்சியியல் வட்டாரத்தில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மெட்டிசா பிளானாவின் பெயருக்குப் பின்னால் நிற்பது இந்த வாக்கர்தான்.

அடுத்தது கார்பெட்டி. 1920களில் மலாயாவின் விவசாய இலாகாவில் அரசாங்கப் பூச்சியியலாளராக இருந்தவர் ஜி. எச். கார்பெட். அவர் பெயரால் 1928இல் டாம்ஸ் என்பவர் மஹாசேனா கார்பெட்டியை அறிவித்தார். அதற்கு அடுத்த வருடம் பிரெஞ்சுக்காரரான ஜோவானிஸ் பெண்டுலாவை விவரித்தார். அதற்கு முதலில் கிரெமாஸ்டோசைக்கே என்று வேறொரு முதற்பெயர் இருந்தது. 1960களின் மலாயா அறிக்கைகளில் அந்தப் பழைய பெயர்தான் வரும். பெயர் மாறியது தெரியாமல் தேடினால், அந்தக் காலத்தில் இந்தப் பூச்சியே இங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடலாம். எனக்கு ஒரு வாரம் அப்படித்தான் போனது.

இவை செம்பனைக்காக வந்த பூச்சிகளல்ல. தென்னையிலும் வேறு பல செடிகளிலும் ஏற்கெனவே இருந்தவை. செம்பனைதான் புதிதாக வந்தது. மலாயாவில் வணிகத்துக்காக அது முதலில் நடப்பட்டது 1917இல், சிலாங்கூரில். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே. பிற்பாடு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கிய அதே ஃபோக்கோனியேதான். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம், பிரெஞ்சு முதலாளி, தமிழ்ப் பெயர். தென்னையைத் தின்று பழகிய புழுவுக்கு இது பெரிய வித்தியாசமாகத் தோன்றியிருக்காது.

*

ரப்பர் விலை ஆட்டம் காண ஆரம்பித்தபின், 1950களிலும் 60களிலும் பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள். கண்ணுக்கு எட்டியமட்டும் ஒரே மரம். கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் போருக்குப் பிந்திய புதிய பூச்சிக்கொல்லிகளும் தோட்டங்களுக்குள் வந்தன. டி.டி.டி., டீல்ட்ரின், எண்ட்ரின். பட்டால் சாகும், அடித்தபின் பல நாள் இலையிலேயே தங்கும். பைப்புழுவுக்கும் முள்புழுவுக்கும் இவற்றை அடித்தார்கள்.

பாட்டி தோட்டத்தில் பேர் பதிந்தது 1962இல். அப்போது தெலுக் இந்தானுக்குத் தெலுக் ஆன்சன் என்று பெயர். வயது 16. விடியும் முன் பெரட்டு, பிறகு வெளிக்காட்டு வேலை. கொஞ்ச நாளில் மருந்தடிக்கும் கும்பலில் சேர்த்துவிட்டார்கள்.

“குச்சிய விட்டுக் கலக்குவோம். சில நாளு குச்சி இருக்காது. மூஞ்சிக்குச் சேலைத் துணிதான். அடிச்சா புழு கொஞ்சம் கொறையும். ரெண்டு மாசம் மூணு மாசம் போனா முன்னைவிட ஜாஸ்தியா வரும். மறுபடியும் அடிக்கச் சொல்லுவாங்க. நாங்க சரியா அடிக்கலன்னு கங்காணி ஏசுவாரு.”

அவர்கள் சரியாகத்தான் அடித்தார்கள், சிக்கலே அதுதான். அந்தக் காலத்தில் இங்கே வேலை செய்த பிரையன் ஜே. வுட் என்ற பூச்சியியலாளர் இதைத்தான் கண்டார். புழு பைக்குள் பத்திரமாக இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, அதன் உடலில் முட்டையிடும் சின்னக் குளவிகளுக்கோ பை கிடையாது. மருந்து படிந்த இலையின்மேல் நாள் முழுக்க நடந்து திரிகின்றன. அதனால் மருந்து முதலில் கொன்றது குளவிகளை. உயிர்தப்பிய புழுக்களுக்கு எதிரியே இல்லாமல் போனது. அடிக்க அடிக்கப் புழு பெருகியதற்கு இதுதான் காரணம். அந்த மருந்துகளை நிறுத்திய தோட்டங்களில் குளவிகள் திரும்பின, புழு அடங்கியது. வடபோர்னியோவில், இன்றைய சபாவில், கொக்கோத் தோட்டங்களில் கோர்டன் கான்வேயும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதையே சொன்னார்: முதலில் மருந்தை நிறுத்துங்கள். ரேச்சல் கார்சனின் புகழ்பெற்ற புத்தகம் அமெரிக்காவில் வெளிவந்ததும் அதே 1962இல்தான். வுட்டின் புத்தகம் 1968இல் கோலாலம்பூரில் வந்தது. செம்பனைப் பூச்சிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அறிவியல் வரலாற்றில் இது வெற்றிக்கதை. நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. குளவியைக் கொல்லாமல் புழுவை மட்டும் கொல்ல, இலையோடு சேர்த்துத் தின்றால் மட்டும் வேலை செய்யும் வயிற்றுநஞ்சுகளைப் பரிந்துரைத்தார்கள். அவற்றில் ஒன்று ஈய ஆர்சனேட். பெயரிலேயே இருக்கிறது: ஈயம், ஆர்சனிக். குளவிக்குப் பாதகம் குறைந்த மருந்து. அதைக் கலக்கியவர்களைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் ஒரு வரியும் இல்லை. தோட்டங்களில் மருந்தடித்த பெண்களின் உடம்பைப் பற்றி தெனாகனிதா அமைப்பு ஆய்வு செய்து அறிக்கை வெளியிட 2002 வரை ஆனது.

பாட்டியின் கைவிரல் நகங்கள் தடித்து, கோடு விழுந்திருக்கும். அது எதனால் என்று நான் எந்த மருத்துவரிடமும் கேட்டதில்லை. இதைப் படித்தபின் கேட்க இன்னும் பயமாக இருக்கிறது.

*

மருந்து குறைந்ததும் எண்ணும் வேலை வந்தது. எப்போது அடிக்கவேண்டும், எப்போது சும்மா இருக்கவேண்டும் என்று தெரியவேண்டுமென்றால் மட்டைக்கு எத்தனை புழு என்று தெரியவேண்டும். பாட்டி அந்தக் கும்பலுக்கு மாறினார். இத்தனை நெரைக்கு ஒரு நெரை, அதில் இத்தனை மரத்துக்கு ஒரு மரம். அதில் ஒரு மட்டையை வெட்டித் தள்ளி, ஓலை ஓலையாகத் திருப்பி எண்ணுவது. உயிரோடு இருப்பது எத்தனை, செத்தது எத்தனை, குளவி துளைபோட்டது எத்தனை. பையைக் கிள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவாராம். எண்ணிக்கையைக் கங்காணியிடம் சொன்னால் அவர் கிராணியிடம் சொல்வார், கிராணி புத்தகத்தில் எழுதுவார்.

“மூணு ரகத்தையும் தனித்தனியாவா சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“நாங்க சொல்லுவோம். புஸ்தகத்துல ஒரு கோடுதான இருக்கும். கூட்டிப் போட்டுக்குவாரு.”

ஒரே பத்தி. என் வரைபடத்திலும் ஒரே தலைப்பு. அறுபது வருட இடைவெளியில், ட்ரோனும் மென்பொருளும் வைத்துக்கொண்டு, அந்தக் கிராணி செய்ததையே நான் செய்திருக்கிறேன். கிராணியிடம் சொல்லவாவது ஆள் இருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை.

கூட்டிப் போட்டால் என்ன கெட்டுவிடும்? கார்பெட்டி பெரிய புழு, மட்டைக்குச் சில இருந்தாலே இலை போய்விடும். பிளானாவுக்கு மட்டைக்குப் பத்து என்பது பரவலாகப் பயன்படும் எல்லை. பெண்டுலா சின்னது, அதைவிட அதிகம் இருந்தாலும் மரம் தாங்கும். நாள்கணக்கும் வேறு. பிளானா ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய மூன்று மாதம் எடுக்கும், பெண்டுலா அதற்கு முன்பே முடித்துவிடும். பி.டி. மருந்து, தின்றுகொண்டிருக்கும் இளம் புழுவைத்தான் கொல்லும். பையை மூடிக்கொண்டு கூட்டுப்புழுவாகத் தொங்குவதை ஒன்றும் செய்யாது. எங்கள் தோட்டத்தில் நடந்தது அதுதான். ஆற்றோரம் கொக்கி, இளம் புழு. ரோட்டோரம் தொங்கட்டான், எல்லாம் கூட்டுப்புழுவாகி நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே நாளில் இரண்டுக்கும் மருந்தடித்தார்கள்.

இந்த வாழ்க்கைக் கணக்கையெல்லாம் நுணுக்கமாக எழுதியவர்களில் முக்கியமானவர் பஸ்ரி வாஹிட். பிளானாவைப் பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வு 1993இல் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் முடிந்தது. பத்து வருடம் கழித்து, 2003இல், அதே பல்கலைக்கழகத்தின் பால் ஹெபர்ட், மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகள் உள்ள ஒரு துண்டைப் படித்தே இனத்தைச் சொல்லிவிடலாம் என்று முன்மொழிந்தார். டி.என்.ஏ. பார்கோடு என்பது அதுதான். இன்று ஒரு புழுவின் காலை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினால் பெயர் வந்துவிடும்.

பணத்தின் கணக்கும் சின்னதல்ல. இலையில் பாதி போனால் அடுத்த இரண்டு வருடத்தில் விளைச்சல் சுமார் 40 சதவீதம் குறையும் என்று வுட்டும் அவரோடு இருந்தவர்களும் 1973லேயே காட்டினார்கள். 2013இல் அரசாங்கம் பைப்புழுவை 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைச் சட்டத்தின்கீழ் ஆபத்தான பூச்சியாக அறிவித்தது. நாலு ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரரும் இப்போது அதைக் கட்டுப்படுத்தியாகவேண்டும். தப்பான நாளில் மருந்தடித்தால் அவருக்கு அடுத்த முறை வாங்கக் காசிருக்காது.

*

அந்த வேலையை இலவசமாகத் திரும்பச் செய்துகொடுத்தோம். இந்த முறை ட்ரோனுக்கு முன்னால் ஆள்கள் நடந்தார்கள். இப்போது அங்கே எண்ணும் வேலை செய்பவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். ஒரு பையன், வயது இருபதுக்கு மேல் இருக்காது, நான் கேட்பதற்கு முன்பே இரண்டு பையைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்து, “லாயின், அபாங்” என்றான். வேற வேற, அண்ணே. அவர்களுக்குள் அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். சொன்னான். எழுதிக்கொண்டேன்.

புதிய வரைபடத்தில் ஒரு தலைப்புக்குப் பதில் மூன்று. விறகுக்கட்டு அந்தத் தோட்டத்தில் கிடைக்கவில்லை, ஆனாலும் அதற்கும் ஒரு இடம் வைத்தேன், பூஜ்யம் என்று. இல்லை என்பதும் ஒரு தகவல்தான். அதோடு ‘எண்ணியவர்’ என்று ஒரு பத்தி சேர்த்தேன். மேலாளர் அது எதற்கு என்றார். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியவேண்டுமே என்றேன். அது உண்மைதான், ஆனால் முழுக்காரணம் அல்ல. கார்பெட்டின் பெயர் ஒரு பூச்சியில் இருக்கிறது. பிளானாவைத் துளைக்கும் குளவிக்கோ, அந்தப் புழுவின் பெயரையொட்டி மெட்டிசே என்று பெயர். மட்டை மட்டையாகத் திருப்பி எண்ணியவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அச்சடித்த படத்தைப் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நிறங்களில் அவருக்கு அக்கறை இல்லை. ஓரத்தில் இருந்த குறிப்பில் தொங்கட்டான் என்ற சொல்லைத் தமிழில் பார்த்ததும் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“துளை போட்டதைத் தனியா எண்ணுனீங்களா?”

எண்ணவில்லை.

“அத எண்ணாம எப்பிடிடா மருந்து அடிக்கணுமா வேணாமான்னு சொல்லுவ?” என்று படத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.